கண் வீங்கி மூடிய நாட்டுக்கோழிக்கு என்ன செய்வது?

கேள்வி இதுதான். வீட்டில் 14 நாட்டுக்கோழிகள். ஒரு பெட்டைக்கோழிக்கு மூன்று நாளாக இடக்கண் வீங்கி மூடியிருக்கிறது, கண் மூலையில் நுரை தெரிகிறது. நேற்றிலிருந்து ஒரு விடைக்கோழிக்கும் மூக்கில் நீர் வடிகிறது. மூன்று வாரம் முன்பு சந்தையிலிருந்து இரண்டு கோழி வாங்கி விட்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு அம்மா எருக்கம்பால் விடச் சொல்கிறார், இன்னொருவர் சின்ன வெங்காயச் சாறு என்கிறார். மருந்துக் கடையில் எந்தச் சொட்டு மருந்து கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எருக்கம்பாலைக் கண் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அந்தப் பால் பட்டு மனிதர்களுக்கே கருவிழி வெந்து பார்வை மங்கியிருக்கிறது. பூப்பறிக்கும்போது தெறித்துக் கண் மருத்துவமனைக்கு ஓடியவர்கள் உண்டு. வெங்காயச் சாறு அந்த அளவுக்குக் கெடுக்காது என்றாலும், ஏற்கெனவே புண்ணாக இருக்கும் கண்ணில் எரிச்சலைக் கூட்டுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாது. சுண்ணாம்பு, புகையிலைச் சாறு எல்லாமே இதே வகைதான். கண்ணுக்குள் போகலாம் என்று நான் நம்பிச் சொல்வது உப்புத் தண்ணீர் ஒன்றுதான். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, ஒரு டீஸ்பூன் உப்பைத் தலைதட்டிப் போட்டுக் கரைத்து, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். கண்ணீரில் இருக்கும் உப்பின் அளவு ஏறத்தாழ இதுதான், அதனால் எரியாது. தினமும் புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.

சொட்டு மருந்துக்கு அப்புறம் வருகிறேன். இன்று சாயங்காலம் கோழிகள் அடையும் நேரத்தில் அந்த இரண்டையும் பிடித்துத் தனியாகப் போடுங்கள். பகலில் துரத்திப் பிடித்தால் மூச்சு வாங்கும், சளி இருக்கிற கோழிக்கு அது கூடாது. நிழலில் ஒரு பஞ்சாரம் போதும். மற்ற கோழிகள் வந்து அந்தத் தண்ணீரைக் குடிக்காத தூரம் இருக்கட்டும். நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகே நோய்க்கோழியிடம் போங்கள். போய்வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்ற கோழி நோயின் கிருமி மனிதர் கண்ணிலும் சிவப்பும் உறுத்தலும் உண்டாக்கும். நோய்க்கோழியைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி பார்க்கும் முறை. பலரும் கண்ணை மட்டுமே பார்த்துவிட்டு மருந்து தேடுகிறார்கள். கோழியின் கண் கெடும்போது பெரும்பாலும் நோய் கண்ணில் தொடங்கியிருக்காது. மூக்கில், தீனியில், கூட்டுத் தரையில், கொசுவில் தொடங்கியிருக்கும். அதனால் நான் முதலில் கேட்பது, எத்தனை கோழிக்கு, ஒரு கண்ணா இரண்டு கண்ணா என்றுதான். ஒரே கோழி, ஒரே கண், மற்றபடி சுறுசுறுப்பு என்றால் அடியோ முள்ளோ உமித் துணுக்கோ என்று முதலில் நினைப்பேன். இரண்டு மூன்று கோழிக்கு அடுத்தடுத்து வந்தால் தொற்று. கூட்டில் எல்லாமே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றால், கூட்டுக் காற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

கோழியை ஒரு பழைய துண்டில் இறக்கையோடு சுற்றி, மடியில் வைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். வீக்கம் கண் விழியிலா, இல்லை கண்ணுக்கு முன்னால் மூக்கை ஒட்டிய கன்னத்திலா? விரலால் மெல்ல அழுத்தினால் நீர்க்கோத்ததுபோல மெத்தென்று இருக்கிறதா, கட்டியாக இருக்கிறதா? மூக்குத் துளையை மோந்து பாருங்கள், நாற்றம் வருகிறதா? கொண்டையிலும் இமை ஓரத்திலும் பருக்கள் இருக்கின்றனவா? வாயைத் திறந்து நாக்கு, அண்ணம், தொண்டை மூன்றையும் பாருங்கள். இமையைப் பிரிக்கும்போது உள் மூலையிலிருந்து மெல்லிய ஒரு சவ்வு குறுக்கே ஓடி வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பறவைகளுக்கு இருக்கும் மூன்றாவது இமை அது.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால், நுரை, மூக்கு நீர், சந்தைக்கோழி வந்து மூன்று வாரம், அடுத்த கோழிக்குப் பரவியது, எல்லாம் சேர்ந்து சளி நோய் என்றே நினைக்கிறேன். சி.ஆர்.டி. என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வருகிறது. கண் மூலையில் சோப்பு நுரை மாதிரி குமிழிகள் வருவது இதன் பழகிய முகம். இரவில் கூட்டருகே போய்க் காது கொடுத்தால் கொர்கொர் என்று மூச்சுச் சத்தம் கேட்கும். மெதுவாகப் பரவும். கோழி உடனே சாகாது, ஆனால் இளைத்துக்கொண்டே போகும், முட்டை குறையும்.

இதற்கு அண்ணன் தம்பி போன்றது கொரைசா. இது வேகமானது. நோய்க்கோழி வந்து ஒன்றிலிருந்து மூன்று நாளில் அடுத்ததற்கு வந்துவிடும். முகம் ஒரு பக்கமோ இரு பக்கமோ உப்பி, கண் அந்த உப்பலுக்குள் புதைந்துவிடும். மூக்கில் ஒழுகும் நீர் கெட்டியாகி அழுகல் வாடை அடிக்கும். அந்த வாடையை ஒரு முறை மோந்தவர்கள் மறக்க மாட்டார்கள். உங்கள் கோழிக்கு வாடை இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. இரண்டு கிருமியும் சேர்ந்தே வருவதும் உண்டு.

மூக்கு நோய்க்குக் கண் ஏன் வீங்குகிறது? கோழிக்குக் கண்ணுக்குக் கீழே, முன்பக்கமாக, தோலுக்கு அடியிலேயே ஒரு காற்றறை இருக்கிறது. எலும்புச் சுவர் இல்லாததால் அங்கே சளி தேங்கினால் தோல் வெளியே உப்பும், கண் மேலே தள்ளப்படும். நமக்கு வரும் சீழ் நீராக இருப்பதால் கட்டி உடைந்தால் வடிந்துவிடும். பறவையின் சீழ் அப்படியில்லை. அவற்றின் வெள்ளை அணுக்களில் சீழை இளக்கும் பொருள் இல்லை. அதனால் அது அவித்த சீம்பால் மாதிரி மஞ்சளாக, கட்டியாக, அப்படியே உட்கார்ந்துவிடும். அந்தக் கட்டிக்குள் எந்த மருந்தும் இறங்காது. முதல் இரண்டு மூன்று நாளில் வீக்கம் மெத்தென்று இருக்கும்போதே வைத்தியம் தொடங்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். கட்டியாகிப்போனால் டாக்டர் கீறி எடுக்க வேண்டியிருக்கும். நீங்களே பிளேடால் கீறாதீர்கள். கன்னத்தில் நரம்பும் ரத்தக்குழாயும் நெருக்கமாக ஓடுகின்றன.

இமைக்கும் விழிக்கும் நடுவே மட்டும் கட்டி இருந்தால் வீட்டிலேயே எடுக்கலாம். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை ஐந்து பத்து நிமிடம் கண்மேல் வைத்து ஊறவிட்டு, கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்து, நனைத்த பஞ்சுக் குச்சியால் ஓரத்திலிருந்து நெம்பினால் முழுசாக வழுக்கி வரும். வராவிட்டால் விட்டுவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து மறுபடி ஊறவைத்துப் பாருங்கள். வலிந்து பிடுங்கினால் விழி கிழியும்.

மருந்து விஷயம். சளி நோய்க்கு டைலோசின், டாக்சிசைக்ளின் போன்றவை, கொரைசாவுக்கு சல்ஃபா வகை, எரித்ரோமைசின் போன்றவை டாக்டர்கள் எழுதுகிறார்கள். வீட்டில் மிச்சம் கிடக்கும் அமாக்சிசிலின் மாத்திரையைப் பொடித்துப் போடுவது பல வீடுகளில் நடக்கிறது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது, பென்சிலின் இனத்து மருந்துகள் எல்லாம் அந்தச் சுவரைத் தாக்கித்தான் கிருமியைக் கொல்கின்றன. ஆகவே அந்த மாத்திரை இங்கே முழு வீண். அளவை நான் எழுதவில்லை, ஏனென்றால் கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் பாக்கெட்டுகளில் மருந்தின் வீரியம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி இருக்கிறது. அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு நோய்க்கோழியைக் கூடையில் வைத்துக் கொண்டுபோங்கள். போக முடியாவிட்டால் 1962 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். தண்ணீரில் கலக்கும் மருந்தாக இருந்தால் தினமும் புதிதாகக் கலக்கி, வேறு தண்ணீர் எதுவும் கோழிக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொன்ன நாள் முழுதும் கொடுங்கள். இரண்டாம் நாளே கண் திறந்துவிட்டது என்று நிறுத்தினால் திரும்ப வரும், அப்போது அதே மருந்து கேட்காது.

இந்த மருந்துகள் முட்டையிலும் கறியிலும் தங்கும். எத்தனை நாள் முட்டை தின்னக் கூடாது என்று டாக்டரிடம் மறக்காமல் கேளுங்கள். என்ரோஃப்ளாக்சசின் முட்டையிடும் கோழிக்குக் கொடுக்க ஏற்றதல்ல. குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் இன்னும் கண்டிப்பாக இருங்கள்.

இப்போது கண் சொட்டு. மருந்துக் கடையில் "கோழிக்குக் கண் சிவந்திருக்கு" என்று கேட்டால் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி எங்கள் வீட்டில் ஒரு நல்ல பெட்டையின் கண் போயிருக்கிறது. சேவல் கொத்தி விழியில் சின்னக் கீறல் விழுந்தது. கடையில் கொடுத்த சொட்டில் ஆன்டிபயாடிக்கோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருந்ததை நான் படித்துப் பார்க்கவில்லை. இரண்டு நாள் சிவப்பு குறைந்தது, நான் சந்தோஷப்பட்டேன். நான்காம் நாள் விழி முழுக்கப் பால் வெள்ளையாகிவிட்டது. ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் அடக்கும், ஆனால் விழிப்புண்ணை ஆறவிடாது. புட்டியில் டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று எந்தப் பெயர் இருந்தாலும், டாக்டர் விழியைச் சாயம் விட்டுப் பார்த்துச் சொன்னால் ஒழிய விடாதீர்கள். இன்னொன்று, கேப்சூல் வடிவில் நுனியை வெட்டிப் பிதுக்கிப் போடும் பழைய கண் களிம்பு பல வீடுகளில் இருக்கும். அதில் குளோராம்ஃபெனிகால் இருக்கிறது. முட்டை, கறிக்காக வளர்க்கும் உயிர்களுக்கு அது தடைசெய்யப்பட்ட மருந்து. கண்ணில் விடுவதுதானே என்று நினைக்க வேண்டாம், கண்ணில் விட்டது மூக்கு வழியாக உடம்புக்குள்தான் இறங்குகிறது.

டாக்டர் எழுதிய சொட்டு கையில் இருக்கிறது என்றால், முதலில் உப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, கோழியைப் பக்கவாட்டில் சாய்த்து, கீழ் இமையை இழுத்த பையில் ஒரே சொட்டு விட்டு, பத்து எண்ணும் வரை தலையைப் பிடித்திருங்கள். அழுக்கின் மேல் விட்ட சொட்டு விழியைத் தொடவே தொடாது. கழுவாமல் பத்து முறை விடுவதைவிட, கழுவி மூன்று முறை விடுவது மேல்.

எல்லா மருந்துக்கும் மேலே ஒன்றைச் சொல்ல வேண்டும். கண் தெரியாத கோழி தீனி எடுக்காது. கோழி இருட்டில் கொத்தாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே, இரண்டு கண்ணும் மூடினால் அதற்குப் பகலும் இருட்டுத்தான். கண் நோயில் செத்தது என்று நாம் புதைக்கிற கோழிகளில் பல, தண்ணீரும் தீனியும் இல்லாமல் செத்தவை. ஒரு பெட்டை நாளுக்கு 80 முதல் 100 கிராம் வரை தின்னும். அதில் பாதியாவது உள்ளே போக வேண்டும். கம்பு மாவையோ குஞ்சுத் தீவனத்தையோ அவித்த முட்டையின் மஞ்சள் கருவோடு பிசைந்து, சுண்டு விரல் நுனி அளவு உருண்டையாக உருட்டி, வாயைத் திறந்து நாக்குக்குப் பின்னால் வைத்தால் தானே விழுங்கும். நாளுக்கு நான்கு முறை. கழுத்தடியில் இருக்கும் இரைப்பையைத் தடவிப் பாருங்கள். முந்தைய தீனி இறங்கியிருந்தால் மட்டும் அடுத்தது. தண்ணீரை வாய்க்குள் ஊற்றாதீர்கள். நாக்கு முடியும் இடத்திலேயே மூச்சுக்குழல் வாய் திறந்திருக்கிறது, ஊற்றிய தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். அலகின் நுனியைக் கிண்ணத்துத் தண்ணீரில் தொட வையுங்கள், தண்ணீர் இருப்பது தெரிந்ததும் அதுவே தலையைத் தூக்கித் தூக்கிக் குடிக்கும். ஒரு கண் தெரிகிற கோழி என்றால், நல்ல கண் இருக்கும் பக்கம் தீனியையும் தண்ணீரையும் ஒரே இடத்தில், நகர்த்தாமல் வையுங்கள்.

உங்கள் கோழிக்கு இது இல்லை என்றாலும், நம் ஊரில் கண்ணை மூட வைப்பதில் பெரியது அம்மை. அதைச் சொல்லாமல் விட முடியாது. கொண்டை, தாடி, இமை ஓரம், அலகு மூலை என்று மயிரில்லாத இடங்களில் வெளுத்த பரு கிளம்பி, பழுப்பாகி, மரு மாதிரி பொருக்குத் தட்டும். இமை இரண்டும் பொருக்கால் ஒட்டிக்கொள்ளும். இது வைரஸ், ஆகவே ஆன்டிபயாடிக் மருந்து எதுவும் இதைக் கொல்லாது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் பொருக்குத் தானே உதிரும். அதுவரை கோழியை உயிரோடு வைத்திருப்பதுதான் வைத்தியம், அதாவது மேலே சொன்ன ஊட்டல். பொருக்கைப் பிய்க்கக் கூடாது. பிய்த்தால் ரத்தம் வரும், அந்தப் புண்ணில் வேறு கிருமி ஏறும், உதிர்ந்த துணுக்கில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இமையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துவிட்டு, டாக்டர் சொல்லும் கண் களிம்பை ஓரத்தில் தடவினால் போதும். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துக் கொண்டைப் பொருக்கில் தடவுகிறார்கள், தடவலாம், ஈ மொய்க்காது. விழிக்குள் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் படலம் வந்து மூச்சுத் திணறினால் அது மோசமான வகை, காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

அம்மையைக் கோழிக்குக் கோழி கொண்டுபோவதில் பெரிய பங்கு கொசுவுக்கு. கூட்டில் வேப்பிலை செருகி, அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, மருந்து எதுவும் தொடாத வீடுகள் உண்டு. அந்த நம்பிக்கையில் நான் குறுக்கிட மாட்டேன். கூட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், சாயங்காலம் கொசுவலை போடுங்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மனிதருக்கு இந்த அம்மை ஒட்டாது. தடுப்பூசி இருக்கிறது. ஆறு முதல் எட்டு வார வயதில் இறக்கைச் சவ்வில் குத்துவார்கள். ஒரு வாரம் பத்து நாளில் குத்திய இடத்தில் சின்னப் பொருக்கு வந்திருந்தால் ஊசி பிடித்தது என்று அர்த்தம். அதைப் பார்த்து நோய் என்று பயந்து மருந்து போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

அதே மாதிரி, குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து கண்ணில் விட்ட பிறகு இரண்டு மூன்று நாள் லேசாகக் கண் கலங்கும், தும்மும். அதுவும் நோய் அல்ல. வெள்ளைக்கழிச்சலே வந்தால் கண் வீக்கத்தோடு பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்துத் திருகல், கால் இழுப்பு எல்லாம் வந்துவிடும். அதற்கு வைத்தியம் இல்லை, தடுப்பூசிதான். அரசு இலவச முகாம் பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கும், விடாதீர்கள். முகம் வீங்கி, கொண்டை நீலம் பாரித்து, ஒரே நாளில் பல கோழி விழுந்தால் எதையும் தொடாமல், அறுக்காமல், விற்காமல் உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

தீனியால் வரும் கண் நோயைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் அடைத்து வளர்க்கும் வீடுகளில் நிறையப் பார்க்கிறேன். குருணையும் மிச்சச் சோறும் மட்டுமே தின்னும் கோழிக்கு வைட்டமின் ஏ கிடைக்க வழியே இல்லை. அரிசியில் அது கிடையாது. மாதக்கணக்கில் இப்படிப் போனால் கண்ணீர் வற்றி, இமை ஒட்டி, உள்ளே வெள்ளைக் கட்டி சேரும். தொண்டைக்குள் பார்த்தால் குண்டூசித் தலை அளவு வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். காய்ச்சல், நாற்றம் இருக்காது, கூட்டில் பலவற்றுக்கும் மெல்ல மெல்ல வரும். இதற்கு முருங்கைக்கீரை போல ஒன்றில்லை. ஒரு கொத்தைக் கூட்டில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள், தரையில் போட்டால் மிதித்து வீணாக்கும். அகத்தி, பொன்னாங்கண்ணி, துருவிய கேரட், மஞ்சள் மக்காச்சோளம் எல்லாம் நல்லது. ஏற்கெனவே கண் மூடிவிட்ட கோழிக்குக் கீரை மட்டும் போதாது, வைட்டமின் சொட்டு டாக்டர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். அதிகம் கொடுத்தால் ஈரலில் தங்கி அதுவும் நஞ்சாகும். பகலெல்லாம் வெளியே மேய்ந்து புல்லும் கீரையும் கொத்துகிற கோழிக்கு இந்தக் குறை அரிதாகத்தான் வரும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் அடிக்கிறது என்று நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிவிடுகிறோம். உள்ளே எச்சம் நனைந்து அம்மோனியா கிளம்புகிறது. அது கண்ணின் மேல்தோலை எரிக்கும். கோழி வெளிச்சத்துக்குக் கூசி, தலையை இறக்கையில் தேய்த்துக்கொண்டே நிற்கும். விழி சாம்பல் பூத்துவிட்டால் தெளிய வாரங்கள் ஆகும். சோதனை எளிது. காலையில் கூட்டைத் திறக்கும் முன் குனிந்து, கோழி நிற்கும் உயரத்துக்கு உங்கள் முகத்தைக் கொண்டுபோங்கள். உங்களுக்குக் கண் கரித்தால் அதற்கு இரவெல்லாம் கரித்திருக்கிறது. நனைந்த உமியை அள்ளி எறிந்து காய்ந்ததைப் போடுங்கள், மேல்பக்கம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சாரலைவிட இந்தக் காற்று பொல்லாதது.

கண்புழுவையும் குறிப்பிட வேண்டும். மூன்றாவது இமைக்கு அடியில் ஒன்றரை செண்டிமீட்டர் நீளத்தில் வெள்ளை நூல் மாதிரி நெளியும். குப்பைமேட்டிலும் மண்ணுக்கடியிலும் வாழும் ஒரு வகைக் கரப்பான்பூச்சியைத் தின்பதால் வருகிறது. கோழி ஓயாமல் கண்ணைச் சொறியும், மூன்றாவது இமை துடித்துக்கொண்டே இருக்கும். டாக்டர் மரப்பு மருந்து விட்டுச் சாமணத்தால் எடுத்துவிடுவார். அதே இமை ஓரத்தில் கருமணலைக் கொட்டியதுபோலத் தெள்ளுப்பூச்சி ஒட்டியிருந்தால், வாசலின் தடவினால் மூச்சடைத்து விழும். பூச்சி மருந்தைக் கண் அருகே தெளிக்காதீர்கள்.

வீக்கம், நீர் எதுவும் இல்லாமல், கண்மணியைச் சுற்றியுள்ள செம்மஞ்சள் வளையம் சாம்பல் நிறமாகி, கண்மணி கோணல்மாணலாகச் சுருங்கியிருந்தால் அது மேரெக்ஸ் என்ற வைரஸ் நோய். அதற்கு மருந்தில்லை. தடுப்பூசியும் குஞ்சு பொரித்த அன்றே போட்டால்தான் பயன்.

சரி, உங்கள் கோழிக்கு வருவோம். இன்று பிரித்து வைத்து, கழுவி, ஊட்டுங்கள். நாளைக் காலை மருந்தகம். மூக்கு ஒழுகும் விடைக்கோழியையும் கூடவே கொண்டுபோங்கள், நோயின் தொடக்கம் அதில்தான் தெளிவாகத் தெரியும். மற்ற 12 கோழிகளின் தண்ணீர்த் தட்டையும் தீனித் தட்டையும் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். சளிக் கிருமியும் கொரைசாக் கிருமியும் கோழி உடம்புக்கு வெளியே அதிக நாள் தாங்காது, வெயிலும் உலர்ந்த இடமும் அவற்றுக்கு எமன். சந்தையிலிருந்து வந்த இரண்டும் பார்க்க நன்றாக இருந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கலாம். இனி எந்தக் கோழி வாங்கினாலும் மூன்று நான்கு வாரம் தனியாக வைத்துவிட்டுப் பிறகு கூட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். பேச்சுவார்த்தை முடிந்து காசு கொடுக்கும் முன் சந்தையிலேயே மூக்குத் துளையை லேசாக அழுத்திப் பாருங்கள், நீர் வந்தால் வேண்டாம்.

கண் ஒன்று போனாலும் கோழியை அறுத்துவிட வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அந்த ஒற்றைக்கண் பெட்டை பிறகு நான்கு வருடம் இருந்தது, மற்றவற்றுக்குச் சமமாக முட்டையிட்டது. பருந்து வந்தால் மட்டும் குருட்டுப் பக்கம் தெரியாது, அதனால் கூரைக்கு அடியில் மேய விட்டோம்.

ஆனால் சளி நோயிலிருந்து தேறிய கோழியின் முட்டையை அடை வைக்காதீர்கள். அந்தக் கிருமி தாய்க்கோழியின் உடம்பை விட்டு முழுதாகப் போவதில்லை, முட்டை வழியாகக் குஞ்சுக்கு இறங்கும். மருந்தின் நாள் கணக்கு முடிந்த பிறகு அந்த முட்டைகளை நீங்கள் தாராளமாகத் தின்னலாம். அடைக்கு, நோய் தொடாத வேறு வீட்டு முட்டை பத்துப் பன்னிரண்டு கேட்டு வாங்கி வையுங்கள். பொரித்த குஞ்சுகளையும் இந்தக் கூட்டத்தோடு விடாமல் தனிக்கூட்டில் வளருங்கள்.